மொட்டை மாடியில் பரிவேஷம்

இன்று காலை எங்கள் ஸொஸைட்டியின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. நடுவில் சூரியன், சுற்றிலும் நிறம் தீட்டிய ஒரு வட்டம். கீழே வாசகம்: "முழு வட்ட வானவில்! அபூர்வ தரிசனம்! பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்." அனுப்பியவர் எங்கள் செக்ரெட்டரி. அதன் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் அப்போதுதான் இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு காப்பியைக் கையில் எடுத்திருந்தேன். மாத்திரை வீண்.

அது வானவில் இல்லை. வானவில் மழைத்துளியில் பிறப்பது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் தெரியும். சூரியனையே சுற்றிக்கொண்டு நிற்கும் வட்டம் வேறு சமாசாரம். விமானங்கள் பறக்கும் உயரத்தில் பாலாடை மாதிரி ஒரு மேகம் பரவுகிறது. அதில் இருப்பது தண்ணீர் அல்ல, பனிக்கட்டித் துகள்கள். ஒவ்வொரு துகளும் ஆறு பட்டை வைத்தது. வெளிச்சம் ஒரு பட்டையில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறும்போது வளைகிறது, நிறம் பிரிகிறது. வானவில்லில் சிவப்பு வெளி ஓரத்தில் இருக்கும், இதில் உள் ஓரத்தில். விஷயம் இவ்வளவுதான். இதைக் கேட்டுக்கொள்ள இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்துக்காக எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் வருஷக்கணக்காகச் செக்ரெட்டரியிடம் மன்றாடினார். செக்ரெட்டரி அவருக்குக் கொடுத்தது ஒரு கண்டனத் தீர்மானம்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே ஒரு தடவை, அந்தத் தீர்மானத்தில், தேவையில்லாமல் எழுதப்பட்டுவிட்டது. எங்கள் எல்லோருக்கும் அவர் கிரவுண்ட் ஃப்ளோர் மாமி.

பம்பாய் மாட்டுங்காவில் கிரவுண்ட் ஃப்ளோர் என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். இன்னொரு ஜன்னலைத் திறந்தால் அதே குழாயின் மிச்சம். எந்தப் பக்கம் கழுத்தை வளைத்தாலும் வானம் கிடையாது. அவருக்கு வானம் என்பது மொட்டை மாடிதான். மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு, அதற்கு ஒரு சாவி. நான் சொல்லப்போகும் சண்டை முழுக்க அந்தச் சாவியைப் பற்றியது.

பௌதிகம் படித்தவர். படித்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் தட்டச்சு அடித்து ஓய்வு பெற்றவர். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய குணம் ஒன்றே ஒன்று: வானத்தில் எதையாவது கண்டால் தனியாகப் பார்க்க மாட்டார். யாரையாவது கூப்பிட்டே தீரவேண்டும்.

"தனியாப் பார்த்தா கணக்கிலே சேராது சார்," என்பார். "பக்கத்திலே ஒருத்தர் நின்னு 'ஆமாம்'னு சொல்லணும்."

கணவர் இருந்தவரை அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அவர் போன பிறகு 'ஆமாம்' சொல்லும் வேலை கட்டடம் முழுவதற்கும் வந்து சேர்ந்தது. வாட்ச்மேன், கூரியர் பையோடு வருபவர், மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவர், யாருமே தப்பியதில்லை. "ஊபர் தேக்கோ! ஊபர் தேக்கோ!" என்று இந்தியில் மேலே பார்க்கச் சொல்லும் அவர் குரல் கேட்டால் மாடிப்படியில் இருப்பவர்கள் சட்டென்று வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவரிடம் முதல் தடவை மாட்டியபோது நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை வங்கிக்கு நிரூபிக்கப் போய்க்கொண்டிருந்தேன். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை செய்யவேண்டிய சடங்கு. மாமி கையில் குழம்புக் கரண்டியோடு வாசலில் வழிமறித்தார்.

"சார், ரெண்டு நிமிஷம் மாடிக்கு வாங்கோ."

"பேங்க் மூடிடும், மாமி."

"பேங்க் நாளைக்கும் இருக்கும். இது இருக்காது."

போனேன். கரண்டி எதற்கென்று அங்கேதான் புரிந்தது. அவர் அதை என் முகத்துக்கு எதிரே தூக்கி, அதன் குழியால் சூரியனைச் சரியாக மறைத்தார். "சூரியனை நேரே பார்க்கப்படாது. கரண்டிக்குப் பின்னாலே ஒளிச்சு வெச்சுட்டு, சுத்திப் பாருங்கோ."

பார்த்தேன். கரண்டியைச் சுற்றி, வெகு தூரத்தில், யாரோ காம்பஸ் வைத்து இழுத்ததுபோல ஒரு வட்டம். உள் ஓரத்தில் செம்பழுப்பு, பிறகு ஒரு மங்கிய மஞ்சள், வெளியே போகப் போக வெளுத்த நீலம். எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "நம்ம தலையிலே வேர்வை, தலைக்கு மேலே ஐஸ்," என்றார் மாமி. "ஆமாம்னு சொல்லுங்கோ சார்." அதுவரை நான் வானத்தைக் குடை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க மட்டுமே உபயோகித்தவன். ஆமாம் என்றேன். வங்கிக்கு மறுநாள்தான் போனேன்.

ஒரு தடவை வாஷியில் இருக்கும் பெண் வீட்டுக்கு ஹார்பர் லைனில் போய்க்கொண்டிருந்தாராம். ரயில் கடல்கழிப் பாலத்தில் ஏறியதும் கதவுப் பக்கம் வானத்தின் கீழ்ப் பாகத்தில் ஒரு நிறப் பட்டை, வளையாமல், தரைக்கு இணையாக, துவைத்த சேலையைக் கொடியில் உலர்த்தின மாதிரி. இதுவும் பனித்துகள் வேலைதான், சூரியன் நல்ல உயரத்தில் இருக்கும்போது மட்டும் கிடைப்பது. மாமி லேடீஸ் பெட்டி முழுக்கக் கேட்கும்படி "ஊபர் தேக்கோ!" என்று கத்தியிருக்கிறார். அத்தனை பெண்களும் பதறி எழுந்து தலைக்கு மேலே லக்கேஜ் வைக்கும் தட்டைப் பார்த்தார்கள், யார் பை காணாமல் போயிற்று என்று. அவர்கள் தங்கள் பைகளை எண்ணி முடிப்பதற்குள் ரயில் பாலத்தைத் தாண்டிவிட்டது. "ஒருத்தர்கூட ஆமாம் சொல்லலை சார்," என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

கட்டடத்துக்கு வாட்ஸாப் குழு வந்ததும் மாமிக்கு ஏக உற்சாகம். இனி மணி அடிக்க வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும். முதல் தடவை "மொட்டை மாடியில் ஹாலோ" என்று தமிழில் எழுதினார். இந்த வட்டத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். உடனே பதில்கள் வந்தன. "ஹலோ மாமி." "ஹலோ, குட் மார்னிங்." இரண்டாம் மாடி மாமா ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பினார். மாடிக்கு நான் மட்டும் போனேன்.

ஆங்கில வார்த்தை உதவாது என்று முடிவு செய்து, பஞ்சாங்கத்திலிருந்து ஒரு வார்த்தையை எடுத்தார். சூரியனையோ சந்திரனையோ சுற்றித் தெரியும் வட்டத்துக்குப் பரிவேஷம் என்று பெயர். சரியான வார்த்தை. ஒரு பிழையும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் குழுவில் இப்படி எழுதினார்: "மொட்டை மாடியில் பரிவேஷம் ஆரம்பம். எல்லாரும் உடனே வரவும். ரொம்ப நேரம் இருக்காது."

எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் பாலக்காட்டு வம்சம். கல்யாணத்திலும் திவசத்திலும் இலை போட்டுப் பரிமாறுவதை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பரிவேஷணம் என்பார்கள். இரண்டாம் மாடி மாமா கண்ணாடி போடாமல் படித்தார். படித்துவிட்டுச் சும்மா இருந்தாரா? தமிழ் எழுத்துத் தெரியாத இளையவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினார். "மாடியிலே பரிவேஷணம் தொடங்கியாச்சு, கேட்டேளா? வேகம் வாங்கோ. வைகினா பாயசம் கிட்டாது!" பாயசத்தை எங்கிருந்து கொண்டுவந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குக்கரை அணைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. டிபன் டப்பா கொண்டுவந்தவர்களும் உண்டு. செக்ரெட்டரி வீட்டில் அன்று சம்பந்தி வந்திருந்தார்கள். அவர்களை "எங்க ஸொஸைட்டிலே இப்படி அடிக்கடி நடக்கும்" என்று பெருமையடித்து, ஜரிகை வேஷ்டியோடு முன்னால் அழைத்து வந்தார் மனிதர். மாடியில் இலை இல்லை. பந்தி இல்லை. நடுவில் மாமி மட்டும் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கரண்டிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"அண்டா எங்கே, மாமி?" என்றார் இரண்டாம் மாடி மாமா.

"அண்டாவா? மேலே பாருங்கோ!"

எல்லோரும் மேலே பார்த்தார்கள், பந்தல் ஏதாவது போட்டிருக்கிறதா என்று. சம்பந்தி மாமா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் செக்ரெட்டரியால் தாங்க முடியவில்லை. மறுநாளே மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் நோட்டீஸ்: வாட்டர்ப்ரூஃபிங்கின் பாதுகாப்பை முன்னிட்டு உறுப்பினர்கள் மாடிக்குச் செல்வது தடை செய்யப்படுகிறது; காலடி பட்டால் தளத்தில் விரிசல் விழுந்து நீர்க்கசிவு உண்டாகும். சாவி செக்ரெட்டரி வீட்டு ஆணியில் தொங்கியது. அந்த வாரமே அவர் மனைவி அதே மாடியில் ஜவ்வரிசி வடாம் போட்டார். அவர் காலடியில் விரிசல் விழாது போலிருக்கிறது.

மாமி வாட்ச்மேனிடம் கெஞ்சினார். "மாமிஜி, ஸாப்னே மனா கியா ஹை," என்று செக்ரெட்டரியின் தடையைச் சொல்லி அவன் தலையைச் சொறிந்தான். படியில் உட்கார்ந்துகொண்டிருந்த மாமியைப் பார்த்ததும் என் இரத்தம் கொதித்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு உத்தரவை எங்கே தட்டினால் விழும் என்று தெரியும். பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். கூட்டம் நடந்தது.

"மொட்டை மாடி யாரோடது?" என்று ஆரம்பித்தேன்.

"ஸொஸைட்டியோடது," என்றார் செக்ரெட்டரி.

"ஸொஸைட்டின்னா யாரு?"

"மெம்பர்ஸ்."

"மாமி மெம்பரா?"

"மெம்பர்தான். ஆனா வாட்டர்ப்ரூஃபிங்..."

"உங்காத்து மாமி மெம்பர் இல்லை, மெம்பரோட சம்சாரம். அவா தினம் மேலே போறா. வாட்டர்ப்ரூஃபிங்குக்கு ஜவ்வரிசி நல்லதோ?"

சிரிப்பு எழுந்தது. செக்ரெட்டரிக்கு முகம் சிவந்துவிட்டது. "அது வேற, இது வேற சார். வடாம் யாரையும் கூப்பிட்டு அவமானப்படுத்தலை."

"அன்னிக்கு நான் ரெண்டு இட்லியோட நிறுத்திண்டு போனேன், கேட்டேளா?" என்று இரண்டாம் மாடி மாமா தன் பங்கைப் பதிவு செய்தார்.

மாமியைப் பேசச் சொன்னார்கள். எழுந்தார். "எனக்கு ஒண்ணுதான். என் ஆத்து ஜன்னல்லே வானம் இல்லை. மேலே இருக்கு. சாவி குடுங்கோ." உட்கார்ந்துவிட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது சமாதானப் புறா ஒருவர் எழுந்து திருத்தம் கொண்டுவந்தார்: மாடிக்குச் செல்ல விரும்பும் உறுப்பினர், காரணத்தைக் குறிப்பிட்டு, இரண்டு நாள் முன்னதாக எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கை தூக்கினார்கள். கோரத்துக்கு வேண்டிய தலைகள் இருந்தன, நோட்டீஸ் சரியாக இருந்தது. நான் எந்த இடத்திலும் ஆட்சேபிக்க முடியாதபடி, அப்பழுக்கில்லாத நடைமுறையோடு, ஒரு மனுஷியின் வானத்தை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு நாள் முன்னதாக! மேகத்தில் பனித்துகள் எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று மேகத்துக்கே தெரியாது. நானும் விடவில்லை. "வானத்தில் ஏற்படக்கூடிய ஒளிவட்டத்தைக் காண" என்று காரணம் எழுதி விண்ணப்பம் கொடுத்தேன். "ஏற்படும் என்பதற்கு ஆதாரம்?" என்று கேள்வி எழுதித் திருப்பினார் செக்ரெட்டரி. மாதம் முழுவதற்கும் சேர்த்து ஒன்று கொடுத்தேன். மொத்தமாக விண்ணப்பிக்கத் தீர்மானத்தில் இடமில்லை என்றார். சரி என்று தினத்துக்கு ஒன்றாக எழுத ஆரம்பித்தேன். மாமி கையெழுத்துப் போடும்போது சிரிப்பார். "சூரியனுக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்கோ சார்." அனுமதி கிடைத்த நாட்களில் வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அதையும் அவர் கரண்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பிற்பாடு அவர் வாஷிக்கே போய்விட்டார். பெண்ணுக்கு உயரமான மாடியில் ஃப்ளாட். பால்கனியில் நின்றால் கடல்கழி முழுக்க வானம். அங்கே வானத்துக்குக் குறைவில்லை, கூப்பிட ஆள்தான் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போய்விடுவார்கள். அதனால் எனக்குப் போன் வரும். "சார், இங்கே வந்தாச்சு. மாட்டுங்காவுக்கும் தெரியும், ஒரே மேகம்தான். வெளியே போங்கோ." செருப்பை மாட்டிக்கொண்டு நாற்சந்திக்கு ஓடுவேன். சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. எப்படியிருந்தாலும் ஆமாம் என்பேன். ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் போன் வரவில்லை. பெண்தான் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஏன் மாடிக்குப் போகாமல் நாற்சந்திக்குப் போனேன் என்று சொல்லவேண்டும். அவர் எங்கள் கட்டடத்தில் இருந்த கடைசி மே மாதம். உச்சி வேளை. மணியடித்தது. கதவைத் திறந்தால் மாமி, நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டச் சொட்ட நிற்கிறார். பக்கத்துச் சந்தில் தலையை நீட்டிப் பார்த்திருக்கிறார்.

"சார், பாதிதான் தெரியறது. ஆனா முழுசா இருக்கணும். ஒரு இடத்திலேயும் அறுபடலை."

மாடிக்கு ஓடினோம். கதவு மாடிப் பக்கமாகத் தாழ் போட்டிருந்தது. தட்டினோம். செக்ரெட்டரி திறந்தார். கையில் ஒரு குச்சி. மனைவியின் வடாமுக்குக் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு உங்களுக்குப் பெர்மிஷன் இல்லையே?"

"அப்ளிகேஷன் குடுத்திருக்கேன்," என்றேன்.

"நேத்திக்குக் குடுத்தேள். முந்தாநாள் குடுத்திருக்கணும். நீங்களே ரூல் தெரிஞ்சவர்."

"ரெண்டு நிமிஷம் அண்ணா," என்றார் மாமி. "நீங்களும் பாருங்கோ. இதோ, தலைக்கு மேலேயே..."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மாமி மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு வாயில் வந்த வார்த்தைகள் எழுதத்தக்கவை அல்ல.

திடீரென்று அவர் திரும்பினார். "சார், இப்போ சூரியன் எங்கே இருக்கு?"

"உச்சியிலே."

"மே மாசம், பம்பாயிலே நேர் உச்சி. பக்கத்திலே எந்தக் கட்டடமும் மறைக்காது. பின்னே மாடி எதுக்கு? ரோடு போறாதா?"

அந்த வயதில் அப்படிப் படி இறங்கி நான் பார்த்ததில்லை. நேரே நாற்சந்திக்குப் போய், பூக்கடைக்கும் டாக்ஸி ஸ்டாண்டுக்கும் நடுவில் நின்று, கரண்டியைத் தூக்கினார். "ஊபர் தேக்கோ! ஊபர் தேக்கோ!"

ஒரு டாக்ஸிக்காரர் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார். "க்யா ஹுவா, மௌஸி?"

"பரஃப்! ஊபர் பரஃப் ஹை!"

"இஸ் கர்மி மே பரஃப்?" இந்த வெயிலில் ஐஸா என்று சிரித்தவர், கரண்டிக்குப் பின்னால் சூரியன் மறைந்ததும் வாயைப் பிளந்தார். "அரே பாப் ரே!" பின்னால் ஹாரன் அடித்தவர்கள் இறங்கி வந்தார்கள், அவர்களும் பார்த்தார்கள். வாழையிலை கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு இலையைக் கிழித்து முகத்துக்கு நேரே பிடித்தார். பூக்காரி பூக்கூடை மூடியை உயர்த்தினாள். டிராஃபிக் ஹவல்தார் திட்டுவதற்காகவே வந்தார். மாமி கரண்டியை அவர் முகத்துக்கு எதிரே தூக்கினார். அவர் பார்த்துவிட்டு, விசிலை வாயிலிருந்து எடுத்து, மராத்தியில், "ஹே தர் களே!" என்றார். எங்கள் ஊரில் இதற்குக் களே என்று பெயர், கதிரடிக்கும் இடத்தையும் களே என்போம், அதுவும் வட்டம்தானே என்றார்.

"களம்! நம்ம களம்தான் சார்!" மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது ஹலோவும் இல்லை, விருந்தும் இல்லை. ரோட்டில் போகிற ஒரு மனிதருக்கு அந்த வட்டம் தெரிந்திருந்தது, பெயரும் தெரிந்திருந்தது. "ஹோ, ஹோ" என்று ஹவல்தார் ஆமோதித்தார். நாற்சந்தி முழுக்க ஆமாம் சொன்னது.

போக்குவரத்து நின்றுவிட்ட அமைதியில், எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் செக்ரெட்டரியின் தலை முளைத்தது. கீழே ரோடு நிறைய ஜனங்கள், எல்லா முகமும் அவர் பக்கமே உயர்ந்திருக்கிறது. மிரண்டுவிட்டார். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?"

"மேலே பாருங்கோ, அண்ணா!" என்று மாமி கத்தினார். டாக்ஸிக்காரர்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். "ஊபர்! ஊபர்!"

செக்ரெட்டரி சட்டென்று திரும்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அதன் இரும்பு ஏணியில் ஏறினார். தொட்டியின் அடியில் கையை விட்டுத் தடவினார். பிறகு கையை உயர்த்தி எங்களுக்குக் காட்டி, நிம்மதியோடு உரக்கச் சொன்னார்: "லீக்கேஜ் இல்லை! காஞ்சிருக்கு! சுக்கா ஹை, சுக்கா!"

அவர் தலைக்கு மேலே அந்த வட்டம், ஒரு இடத்திலும் அறுபடாமல், நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் கமிட்டி கூடி, பொது ரோட்டில் நைட்டியில் நின்று ஸொஸைட்டியின் மானத்தைக் கெடுத்ததாக மாமியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதைப் பிறகு அவரிடம் காட்டியபோது முழுக்கப் படிக்கக்கூட இல்லை. அன்று நாற்சந்தியில், கரண்டியைத் துண்டில் துடைத்துக்கொண்டே, ஏணியில் நின்றவரைப் பார்த்து அவர் சொன்னது ஒன்றுதான்.

"பாவம் சார். சாவி அவர்கிட்டேதான் இருக்கு."

எனக்குப் பாவமாக இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்று காலை அந்தப் படத்தைப் பார்த்தபோதும் இல்லை.